விலா மூடியது, முதுகு நிறையவில்லை

லாயத்தில் தீவனப் பொறுப்பை நான் ஏற்ற முதல் வருடம் ஒரு பெண் குதிரை வந்து சேர்ந்தது. வயிறு பானை போலத் தொங்கியது. முதுகெலும்பு கூரை முகடு மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தால் கை பள்ளத்தில் இறங்கும். இளைத்துப்போன உடம்பு, தெம்பாகப் போடுவோம் என்று ஓட்ஸைக் கூட்டினேன்.

இரண்டு மாதத்தில் விலா எலும்புகள் மறைந்தன. தோளுக்குப் பின்னாலும் வால் தொடங்கும் இடத்திலும் மெத்தென்று கொழுப்பு சேர்ந்தது. முதுகுப் பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது.

அமெரிக்க ஆய்வாளர் ஹென்னெக்கி 1983-இல் வெளியிட்ட, 1 (எலும்பும் தோலும்) முதல் 9 (மிகக் கொழுத்தது) வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணைத்தான் நாங்கள் பார்ப்போம். 3-இல் இருந்த குதிரை 6-க்கு வந்துவிட்டது, நானும் நிம்மதியாக இருந்தேன். அந்த மதிப்பெண் கொழுப்பைத்தான் அளக்கிறது, தசையைத் தனியாகத்தான் தடவிப் பார்க்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர் சொன்னபோதுதான் உறைத்தது. தசை வளரப் புரதம் வேண்டும். அதிலும் லைசின் என்ற அமினோ அமிலம் குறைந்தால் மற்றவை இருந்தும் பயன்படாது. ஓட்ஸில் அது குறைவு.

அப்புறம் உலர்புல்லை உதறிப் பார்த்தேன். முற்றிய தண்டுதான், இலையே இல்லை. வயிறு தொங்கியபடியே இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தொட்டியடியில் பாதி மென்று துப்பிய புல் உருண்டைகள் கிடந்தன. பல் ஓரங்கள் கூராகிக் கன்னத்தைக் கிழித்திருந்தன. வந்த அன்றே வாயைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

பல்லை ராவினோம். ஓட்ஸைக் குறைத்து, இலை மிகுந்த புல்லோடு குதிரைமசால் என்ற பயறுவகைத் தீவனப் பயிரும் கொஞ்சம் சோயா புண்ணாக்கும் சேர்த்தோம். எல்லாவற்றையும் பத்து நாளில் சிறுகச் சிறுகத்தான் மாற்றினோம். தீவனத்தைத் திடீரென்று மாற்றினால் குடல் நுண்ணுயிர்கள் தடுமாறும், வயிற்றுவலி வரும். 450 கிலோ குதிரைக்கு நாளுக்கு 7 கிலோவுக்குக் குறையாமல் உலர்தீவனம் கொடுத்தோம். தானியத்தை ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்துப் போட்டோம், அதன் இரைப்பை சிறியது. கூடவே தினமும் மேட்டில் ஏற்றி நடத்தினோம். வேலை கொடுக்காமல் புரதத்தை மட்டும் கொடுத்தால் முதுகு முழுதாக நிறையாது.

நான்காவது மாதம், முதுகுப் பள்ளத்தை ஈடுகட்டச் சேணத்துக்கு அடியில் மடித்து வைத்திருந்த கூடுதல் கம்பளியை எடுத்துப் பார்த்தேன். சேணம் ஆடாமல் உட்கார்ந்தது.