இந்த தடவை இடது பக்கம் வலிச்சது

போன வாரம் ஒரு நாள் ராத்திரி ரெண்டேகாலுக்கு முழிப்பு வந்துடுச்சு. கழுத்துல இடது பக்கம், காதுக்குப் பின்னாடி ஆரம்பிச்சு தோள் வரைக்கும் ஒரு இழுப்பு. வேற யாரா இருந்தாலும் தலகாணிய மாத்தி வெச்சு திரும்பி படுத்திருப்பாங்க, ஆனா எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடி வலது பக்கம் இதே மாதிரி ஒரு வலியில ஆரம்பிச்சுதான் ஸ்ட்ரோக்ல போய் முடிஞ்சது, அதனால எழுந்து உக்காந்து விரலால மூக்க தொட்டுப் பாத்தேன், எச்சி முழுங்கிப் பாத்தேன், ஹால்ல லைட்ட போட்டு டைல்ஸ் கோட்டு மேலயே நேரா நடந்து பாத்தேன். நடந்துட்டு இருக்கும்போதே அவர் எழுந்து வந்துட்டார். ஒண்ணும் கேக்கல, கூடவே நின்னார்.

அப்ப நடந்தத சொல்லிடறேன். போகிக்கு மூணு நாள் முன்னாடி, வீடு பூரா ஒட்டடை அடிச்சேன். கழுத்த அண்ணாந்து வெச்சுக்கிட்டே ரெண்டு மணி நேரம், நடுவுல தூசி ஏறி அடுக்கடுக்கா தும்மல் வேற, அதுக்கு முந்தின வாரம்தான் சளி காய்ச்சல் வந்து போயிருந்துச்சு. மறுநாள் காலைல பின்னங்கழுத்துல வலது பக்கம், அதுவரைக்கும் எனக்கு வந்ததே இல்லாத மாதிரி ஒரு வலி. சுளுக்குதான்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன். எங்க அத்தை தெருக்கோடில சுளுக்கு வழிக்கிற ஒரு அம்மாகிட்ட கூட்டிட்டு போறேன்னாங்க, அன்னைக்கு அந்தம்மா ஊர்ல இல்ல. அவங்க ஊர்ல இல்லாததுதான் என் நல்ல நேரம்னு இன்னைக்கும் நெனச்சுக்குவேன்.

நாலாவது நாள் தலை சுத்தி வாந்தி. முதல்ல போன எடத்துல காதுப் பிரச்சனைன்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. சாயந்திரம் விக்கல் நிக்கவே இல்ல, குரல் கரகரன்னு ஆயிடுச்சு, நடந்தா வலது பக்கமாவே உடம்பு சாயுது. மேல் கழுவலாம்னு பக்கெட்ல இருந்து சுடுதண்ணி ஊத்துறேன், வலது கால்ல சுடுது, இடது கால்ல சுடவே இல்ல, தண்ணி படுறது மட்டும் தெரியுது. முகத்துலயோ வலது பக்கம்தான் மரத்துப் போயிருந்துச்சு. முகத்துல ஒரு பக்கம், உடம்புல எதிர்ப் பக்கம்னு இப்படி மாறி மாறி உணர்ச்சி போறது மூளைத்தண்டுல அடைப்புங்கிறதுக்கு அடையாளம்னு அப்ப எனக்குத் தெரியாது. எம்ஆர்ஐ எடுத்த டாக்டர் படத்துல வளர்பிறை மாதிரி வெள்ளையா இருந்த ஒண்ண காட்டி இதாம்மா கிழிசல்னாங்க.

வெர்டிப்ரல் ஆர்ட்டரி டிசெக்‌ஷன். கழுத்தெலும்பு ஒவ்வொண்ணுலயும் பக்கவாட்டுல ஓட்டை இருக்கும், அதுக்குள்ள ஊசில நூல் கோத்த மாதிரி ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ரத்தக்குழாய் மேல ஏறி மூளையோட பின்பக்கத்துக்குப் போகுது. அதோட உள்சுவர்ல கீறல் விழுந்தா ரத்தம் சுவருக்குள்ள எறங்கி வீங்கி பாதைய அடைக்கும், இல்லன்னா அந்த எடத்துல ரத்தக்கட்டி உருவாகி பிச்சுக்கிட்டு மூளைக்குப் போயிடும். மொத்த ஸ்ட்ரோக்ல இது ரெண்டு சதவீதம் கிட்டத்தான், ஆனா ஐம்பது வயசுக்குள்ள ஸ்ட்ரோக் வர்றவங்கள மட்டும் எடுத்தா முக்கியமான காரணங்கள்ல இதுவும் ஒண்ணு. அவர் கிரிக்கெட் பைத்தியம், கேட்டதுமே ஃபில் ஹியூஸ் பேரதான் சொன்னார். 2014 நவம்பர் 25, சிட்னி மைதானத்துல பவுன்சர் கழுத்துல பட்டு ரெண்டு நாள்ல எறந்து போனாரே, அவருக்கு கிழிஞ்சதும் இதே ரத்தக்குழாய்தான். அது பந்து அடிச்சு கிழிஞ்சு மூளைய சுத்தி ரத்தம் கசிஞ்சது, எனக்கு கிழிஞ்சு அடைச்சுக்கிச்சு. இருபத்தஞ்சு வயசுப் பையன். அத நெனச்சா இன்னமும் மனசு என்னமோ பண்ணும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். டிஸ்சார்ஜ் ஆகுற அன்னைக்கு நான் டாக்டர்கிட்ட கேட்டது ஒரே கேள்வி. மறுபடியும் கிழியுமா?

டாக்டர் நிதானமா உக்காந்து சொன்னாங்க. 1994ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல 200 பேர வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்திருக்காங்க. முதல் மாசத்துல ரெண்டு சதவீதம் பேருக்கு இன்னொரு கிழிசல் வந்திருக்கு, அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒரு சதவீதம் மாதிரி, பத்து வருஷத்த மொத்தமா கூட்டினா 12 சதவீதம் கிட்ட. அதாவது ஆபத்து குமிஞ்சு கெடக்குறது ஆரம்ப வாரங்கள்லதான். வந்தாலும் ஆறின எடத்துலயே கிழியுறத விட வேற குழாய்ல வர்றதுதான் அதிகமாம். குடும்பத்துல யாருக்காவது இது வந்திருந்தா, இல்ல சுவரே பலவீனமா இருக்கிற பிறவி வியாதி எதாவது இருந்தா கணக்கு மாறும், அதுக்காகத்தான் என் கிட்னிக்குப் போற ரத்தக்குழாயையும் ஸ்கேன் பண்ணிப் பாத்தாங்க, சில பேருக்கு ரெண்டு எடத்துலயும் ஒரே கோளாறு இருக்குமாம். எனக்கு இல்ல.

நான் பன்னிரண்டுங்கிற நம்பர மட்டும் கெட்டியா புடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். ஆறு மாசம் நான் பட்ட பாடு அதனாலதான். பத்து வருஷத்துல நூத்துக்கு எண்பத்தெட்டு பேருக்கு வரலங்கிறது மண்டைல ஏறவே இல்ல. அதுலயும் இன்னொரு விஷயம் எனக்கு லேட்டாதான் புரிஞ்சுது, மறுபடி கிழியுறது வேற, மறுபடி ஸ்ட்ரோக் வர்றது வேற. கிழியுறதெல்லாம் ஸ்ட்ரோக்ல போய் முடியுறதில்ல, மாத்திரை இருக்கிறது அந்த ரெண்டாவத தடுக்கத்தான். பிரிட்டன்லயும் ஆஸ்திரேலியாவுலயும் 250 பேர வெச்சு ஒரு ஆய்வு பண்ணி 2015ல முடிவ வெளியிட்டாங்க, ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை குடுத்தவங்க, ரத்தத்த இளக்குற மாத்திரை குடுத்தவங்கன்னு பிரிச்சு. மூணு மாசத்துல ரெண்டு பக்கமும் சேத்து மறுபடி ஸ்ட்ரோக் வந்தது நாலே பேருக்கு. நான் கைல எழுதி பீரோ கதவுல ஒட்டி வெச்சிருக்கிறது அந்த நாலுங்கிற நம்பரத்தான். இதுக்கு அர்த்தம் மாத்திரைய நம்ம இஷ்டத்துக்கு விட்டுடலாம்னு இல்ல, தயவுசெஞ்சு யாரும் அப்படி எடுத்துக்காதீங்க, அந்த நாலு நாலாவே இருந்தது எல்லாரும் மருந்து சாப்பிட்டதாலயும்தான்.

அஞ்சாவது மாசம் எடுத்த ஆஞ்சியோல வலது குழாய் நல்லா தொறந்திருந்துச்சு. சுடுதண்ணி மட்டும் இடது கால்ல இன்னமும் சரியா தெரியல, அதனால குளிக்கிற தண்ணிய எப்பவும் வலது கையாலதான் தொட்டுப் பாப்பேன்.

பழக்கத்துல மாத்திக்கிட்டது கொஞ்சம்தான். கழுத்த யார் கையிலயும் குடுக்குறதில்ல, சுளுக்கு வழிக்கிறவங்க, மசாஜ், படக்குனு திருப்பி சொடக்கு எடுக்குறது எதுவும் கிடையாது. பார்லர்ல தலைய பின்னாடி தொங்கப் போட்டு அலசுற பேசின் பக்கமே போறதில்ல. ராட்டினம் வேண்டாம்னுட்டேன். அவர் மாசா மாசம் சலூன்ல கழுத்துக்கு சொடக்கு எடுத்துக்குவார், அதையும் நிறுத்த வெச்சேன். இதெல்லாம் பண்ற எல்லாருக்கும் கிழியாது, எனக்கே ஒட்டடைதான் காரணமா காய்ச்சல் காரணமான்னு டாக்டரால உறுதியா சொல்ல முடியல, ஆனாலும் அஞ்சு செகண்ட் சொகத்துக்காக அந்த எடத்த படக்குனு திருப்ப என்னால ஒத்துக்க முடியாது.

கஷ்டம் என்னன்னா கழுத்து வலிங்கிறது எல்லாருக்கும் வர்றது, எனக்கும் இனிமே நூறு தடவ வரும். அதுல எது சாதாரண வலி, எது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய வலி? டாக்டர் சொல்லிக் குடுத்தது இதான்: இதுக்கு முன்னாடி வராத மாதிரி புது வலி, திடீர்னு ஆரம்பிச்சு ஒரு பக்கமா தலைக்கு ஏறுற வலின்னா காத்திருக்காம வந்துடணும். ஒரு பக்கம் இமை எறங்கி கண்மணி சின்னதாகுறது, காதுக்குள்ள நாடித் துடிப்பு கேக்குறது, ரெண்டு ரெண்டா தெரியுறது, தடுமாற்றம், வாய் குழறுறது, இதுல எது வந்தாலும் 108தான். ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசி போடணும்னா நாலரை மணி நேரத்துக்குள்ள போகணும். போனதும் காது கோளாறான்னு அவங்க யோசிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே "எனக்கு ஏற்கனவே கழுத்து ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கு"ன்னு சொல்லிடணும். பழைய ரிப்போர்ட்ட போன்ல போட்டோவா வெச்சிருக்கேன், எம்பொண்ணு போன்லயும் இருக்கு, அவ ஒம்பதாவது படிக்கிறா, கண்மணி ரெண்டும் ஒரே அளவு இருக்கான்னு பாக்க அவளுக்கு நல்லாவே தெரியும்.

அன்னைக்கு ராத்திரி அவளையும் எழுப்பி பாக்க சொன்னேன். ரெண்டும் ஒரே அளவுதான் இருந்துச்சு. வேற எந்த அறிகுறியும் இல்லதான், ஆனா இடது பக்கம் எனக்குப் புதுசாச்சே, அதனால விடியட்டும்னு காத்திருக்காம அப்பவே கெளம்பிட்டோம். ஸ்கேன் எடுத்தாங்க. வலது ஆறின மாதிரியே இருக்கு, இடது சுத்தமா இருக்கு, தசைப்பிடிப்புதான். ராத்திரி டூட்டி டாக்டர் ரொம்ப சின்னப் பொண்ணு, இதுக்கா வந்தீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல.

வலி இன்னும் கொஞ்சம் இருக்கு. டைப் பண்ணிட்டே ஒத்தடம் குடுத்துட்டு இருக்கேன், துணி சூட்ட வலது கையாலதான் பாத்துக்குறேன்.