குளோரைடு காட்டிய குழாய்த் தண்ணீர்

பிளஸ் டூ வேதியியல் பிராக்டிகல் ஒருவழியாக முடிந்தது. கோபம் மட்டும் இன்னும் தணியவில்லை. டைட்ரேஷனில் ஒரு சிக்கலும் இல்லை. கொடுத்த உப்பு எது என்று கண்டுபிடிக்கும் சால்ட் அனாலிசிஸில்தான் மாட்டிக்கொண்டேன், அதுவும் ஆய்வகத்துத் தண்ணீரால்.

எனக்கு வந்தது வெள்ளைப் படிக உப்பு. உலர்ந்த டெஸ்ட் டியூபில் சூடாக்கியதுமே படபடவென்று வெடித்து, செம்பழுப்பு வாயு வந்தது. அடியில் தங்கியது ஆறியபின் மஞ்சளானது. லெட் நைட்ரேட்தான் (ஈய உப்பு) என்று அப்போதே தோன்றியது. ஆனால் மேஜையில் இருந்த வாஷ் பாட்டில் தண்ணீரில் கரைத்தால் பால் போலக் கலங்குகிறது! லெட் நைட்ரேட் பச்சைத் தண்ணீரிலேயே தெளிவாகக் கரைய வேண்டிய உப்பு.

சரி, மேலே போகலாம் என்று உப்பைச் சோடியம் கார்பனேட்டோடு தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, சோடியம் கார்பனேட் சாறு தயாரித்தேன். நுரை அடங்கும்வரை நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு, சில்வர் நைட்ரேட் சேர்த்தேன். வெள்ளை வீழ்படிவு. அம்மோனியம் ஹைட்ராக்சைடு ஊற்றினால் கரைந்தும்விட்டது. புத்தகப்படி இது குளோரைடு. ஆனால் உப்போடு தாமிரச் சீவலும் அடர் சல்பியூரிக் அமிலமும் சேர்த்துச் சூடாக்கினால் செம்பழுப்பு வாயு வருகிறது, அது நைட்ரேட். கொடுக்கும் உப்பில் ஒரே ஒரு எதிரயனிதான் (குளோரைடு, நைட்ரேட் போன்ற எதிர்மின் அயனி) இருக்கும். இரண்டில் ஒன்று பொய்.

"அண்ணா, இது டிஸ்டில்டு வாட்டர்தானா?" என்று லேப் அண்ணனிடம் கேட்டேன். "காலையிலேருந்து எல்லாரும் இதத்தாம்மா ஊத்துறாங்க, போய்ச் செய்" என்றார். வெளியிலிருந்து தேர்வு நடத்த வந்த எக்ஸ்டர்னல் மேடமோ, "கண்ணில் தெரிவதை எழுது" என்று சொல்லி நகர்ந்துவிட்டார்.

உப்பே போடாமல், அந்தத் தண்ணீரை மட்டும் எடுத்து, நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் விட்டேன். அதே வெண்மை! இரண்டு டியூபையும் ஒன்றாகக் கொண்டுபோய் மேடம் முன்னால் நீட்டினேன். அதன்பிறகுதான் உள்ளறையிலிருந்து சீல் பிரிக்காத வாலைவடி நீர் (டிஸ்டில்டு வாட்டர்) கேன் வந்தது. பாட்டிலில் இருந்தது போர் தண்ணீர். அதிலுள்ள குளோரைடு சில்வர் நைட்ரேட்டோடு சேர்ந்தது. பைகார்பனேட்டும் சல்பேட்டும் லெட்டோடு சேர்ந்து கரைசலைக் கலக்கின. புதுத் தண்ணீரில் உப்பு பளிச்சென்று கரைந்தது, குளோரைடும் காணாமல் போனது.

அடுத்த தலைவலி, நைட்ரேட்டை உறுதிசெய்யும் பழுப்பு வளையச் சோதனை. மேஜையில் இருந்த ஃபெரஸ் சல்பேட் கரைசல் மஞ்சள் பூத்துக் கிடந்தது. காற்றில் ஆக்சிஜனேற்றமடைந்து ஃபெரிக் ஆகிவிட்டால் வளையம் வராது. வெளிர்பச்சைப் படிகம் கேட்டு வாங்கி, அந்த நேரத்திலேயே கரைத்துக்கொள்ளுங்கள். சாற்றை நீர்த்த சல்பியூரிக் அமிலத்தால் அமிலமாக்கி, ஃபெரஸ் சல்பேட் சேர்த்து, டியூபைச் சாய்த்துப் பிடித்து, அடர் சல்பியூரிக் அமிலத்தைச் சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஆட்டினால் வளையம் கலைந்துவிடும். எனக்குப் பழுப்புக் கோடு அழகாக நின்றது.

நேரயனி (உப்பின் நேர்மின் அயனி) சுலபம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வெள்ளை வீழ்படிவு, அது வெந்நீரில் கரைந்தது. நேரயனிகளைப் பிரித்தறியும் வரிசையில் முதல் தொகுதி, அதாவது லெட். பொட்டாசியம் அயோடைடு சேர்த்ததும் வந்த மஞ்சள் வீழ்படிவைச் சூடாக்கிக் கரைத்து ஆறவிட்டபோது தங்கநிறத்தில் மினுங்கும் படிகங்கள் இறங்கின. பக்கத்து மேஜைப் பிள்ளைகள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்து எழுதப் போகிறவர்கள் சாற்றைத் தொடுவதற்கு முன் வெறும் தண்ணீரை ஒரு தடவை சோதியுங்கள். சோடியம் கார்பனேட்டையும் சேர்த்துச் சோதித்தால் இன்னும் நல்லது, அதிலும் குளோரைடு கலந்திருக்கலாம். சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து கேளுங்கள்.

காலை பேட்சில் இதே தண்ணீரை நம்பிக் குளோரைடு எழுதியவர்கள் இருந்திருப்பார்களே என்று மேடத்திடம் கேட்டேன். அந்தத் தாள்களை மறுபடி பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.