சூரத் தானியில் இறங்கி கோ சமூய் போய்ச் சேர்ந்த கதை

தாய்லாந்தின் கோ சமூய் தீவில் விமான நிலையம் இருக்கிறது. பாங்காக் ஏர்வேஸ் நிறுவனம் தானே கட்டி 1989-இல் திறந்தது. அங்கே போட்டி குறைவு, அதனால் டிக்கெட் விலை அதிகம். எதிர்க்கரையில் உள்ள சூரத் தானிக்கோ, பாங்காக்கின் டான் முவாங் நிலையத்திலிருந்து மலிவுக் கட்டண விமானங்கள் போகின்றன. பறக்கும் நேரம் ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். குடும்பத்தோடு கிளம்பும்போது இந்த விலை வித்தியாசம் பெரிய தொகை என்பதால் சூரத் தானி வழியாகவே போனோம்.

வரைபடத்தில் தீவு பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் சூரத் தானி விமான நிலையம் ஊருக்கு மேற்கே இருக்கிறது. படகுத்துறை இருக்கும் டோன்சாக், ஊரைத் தாண்டிக் கிழக்கே கடலோரத்தில். பஸ்ஸில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். பெரிய படகில் இன்னும் ஒன்றரை மணி நேரம். காத்திருப்பதையும் சேர்த்தால் அரை நாள் போய்விடும். மாலையில் படகுகள் நின்றுவிடும் என்பதால் காலை விமானத்தைப் பிடிப்பதுதான் நல்லது.

பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் பஸ், படகு இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் தரும் கவுன்டர்கள் இருந்தன. தனித்தனியாக வாங்குவதைவிட இது நிம்மதி. பஸ் எந்தப் படகுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். விலையைக் கேட்பதற்கு முன்னால் தீவில் எந்தத் துறையில் இறக்கிவிடுவார்கள் என்று கேளுங்கள். சீட்ரான் படகுகள் நாத்தோனுக்குப் போகின்றன, ராஜா ஃபெரி லிபா நோய்க்கு. டோன்சாக்கிலும் இந்த இரண்டு நிறுவனங்களுக்கும் வேறு வேறு துறைகள். நாத்தோன் கடைவீதி உள்ள ஊர், இறங்கியதும் வண்டி கிடைக்கும். லிபா நோய் அமைதியான இடம். ஹோட்டல் வரை வேன் சேர்த்து வாங்காவிட்டால் அங்கே வண்டிக்கு அலைய வேண்டியிருக்கும். நாங்கள் நாத்தோனுக்கு வாங்கினோம்.

பணம் கட்டியதும் சட்டையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். யார் எங்கே போகிறார்கள் என்று ஊழியர்கள் அதைப் பார்த்துத்தான் வழிகாட்டுகிறார்கள். டோன்சாக்கிலிருந்து பக்கத்துத் தீவான கோ பாங்கானுக்கும் படகு போகிறது, அதனால் ஏறும்வரை அதைக் கழற்ற வேண்டாம். துறையில் பஸ் நம்மை இறக்கிவிட்டுவிடும். பெட்டிகளை நாமே இழுத்துக்கொண்டு, லாரிகளும் கார்களும் ஏறுகிற அதே சரிவில் ஏற வேண்டும். வயதானவர்கள் உடன் வந்தால் பெட்டியைச் சிறியதாக வைத்துக்கொள்வது பெரிய உதவி.

மேல்தளத்தில் ஏசி அறை இருந்தாலும் நான் வெளியே நின்றுகொண்டேன். கரையை விட்டு விலகியதும் சுண்ணாம்புக்கல் குன்றுகள் கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்பதைப் பார்த்தபோது, விமானத்தில் நேரே போயிருந்தால் இது கிடைத்திருக்காதே என்று மனம் நிறைந்தது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, அதிலும் நவம்பரில், கடல் கொந்தளித்தால் படகு தாமதமாகும், சில நேரம் ரத்தும் ஆகும்.

நாத்தோன் தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது. பலரும் தங்கும் சாவெங், லமாய் கடற்கரைகள் கிழக்கே. துறை வாசலிலேயே சோங்தேவ் வண்டிகள் நிற்கும். பிக்கப் லாரியின் பின்னால் இரண்டு பெஞ்சு போட்ட ஷேர் வண்டி. ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள். இருட்டிய பிறகு அதே வண்டி தனி டாக்ஸி விலை கேட்கும்.

திரும்பி வருவதற்கும் இதே டிக்கெட்டைத் தீவிலேயே முந்தின நாள் வாங்கிவிட்டோம். விமானம் மதியத்துக்குப் பிறகுதான் என்றாலும் காலையில் சீக்கிரமே படகு ஏறினோம். சூரத் தானி நிலையத்தில் கூடுதலாக உட்கார்ந்திருப்பது, துறையில் மணியைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட எவ்வளவோ மேல்.