இரண்டு ரொட்டிக்கு 124 கிராம்: மலைநாட்டுச் சாப்பாட்டில் மாவைக் குறைத்துப் பார்த்த குறிப்பு

"சீனியத்தான் நிறுத்தியாச்சே, அப்புறமும் ஏன் ஏறுது?" நீரிழிவு கிளினிக் வரிசையில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதில் பெரும்பாலும் ரொட்டிக்கல்லில் கிடக்கிறது.

தோட்டத்து வீடுகளில் விடியற்காலையில் சுடும் ரொட்டி சின்னதல்ல. 500 கிராம் கோதுமை மா, ஒரு மூடித் தேங்காயின் பூ (நிறுத்தால் 100 கிராம் வரும்), உப்பு, தண்ணீர். அதில் 6 ரொட்டி. 100 கிராம் கோதுமை மாவில் சுமார் 73 கிராம் மாச்சத்து இருக்கிறது. ஆக மாவில் மட்டும் 365 கிராம். தேங்காய்ப்பூவின் நாரைக் கழித்தால் மிஞ்சுவது 6 கிராம்தான். ஒரு ரொட்டிக்கு 62, இரண்டு ரொட்டிக்கு 124. நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் குறைவாக மாச்சத்து எடுப்பதைத்தான் பொதுவாகக் குறைந்த மாச்சத்து உணவு என்கிறார்கள். அந்தக் கணக்கு மலைக்குப் போகுமுன்னரே தீர்ந்துவிடுகிறது. பகலுக்குக் கட்டிக்கொண்டு போகும் ரொட்டியும் இராச்சோறும் அதற்கு மேலே.

தொடங்குமுன்

இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிப் போக வேண்டாம். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்கு மாவைக் குறைத்ததால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், கிளிமெபிரைட் போன்ற குளிசைகளோ இன்சுலினோ எடுப்பவர் கதை வேறு. சாப்பாட்டில் மா பாதியாகி மருந்து அப்படியே இருந்தால், முற்பகல் 11 மணிக்கு மலைச் சரிவில் கொழுந்துக்கூடையோடு நிற்கும்போது இரத்தத்தில் சீனி 70 மி.கி./டெ.லீ.க்குக் கீழே போகலாம். அந்த இடத்தில் தலைசுற்றி விழுவது சமதரையில் விழுவது போலல்ல. ஆகவே முதலில் கிளினிக் கொப்பியோடு டாக்டரிடம் போய், "சாப்பாட்டில் மாவைப் பாதியாக்கப் போகிறோம், மருந்தளவை மாற்ற வேண்டுமா?" என்று கேளுங்கள். எம்பாகிளிஃப்ளோசின், டப்பாகிளிஃப்ளோசின் வகைக் குளிசை எடுப்பவர் கேட்காமல் தொடங்கவே கூடாது. மாச்சத்து மிகக் குறைந்தால் அந்த மருந்தோடு சேர்ந்து இரத்தத்தில் அமிலம் கூடலாம். அப்போது இரத்தச் சீனி அளக்கும் மீட்டரில் சீனி அவ்வளவு உயர்வாகத் தெரியாமலும் இருக்கும். கர்ப்பிணிகள், சிறுநீரக நோயுள்ளவர்கள், முதலாம் வகை நீரிழிவுள்ளவர்களுக்கும் இந்தக் குறிப்பு பொருந்தாது.

சட்டைப்பையில் எப்போதும் 15 கிராம் சீனி, அதாவது நிறைத்த மூன்று தேக்கரண்டி, ஒரு சின்னப் பையில் கட்டி இருக்கட்டும். 70க்குக் கீழே போனால் அதைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் உட்கார்ந்து, மறுபடி அளக்க வேண்டும்.

அளப்பது

கீழேயுள்ள அளவுகள் எல்லாம் மி.கி./டெ.லீ. கணக்கில், மெட்ஃபோர்மின் மட்டும் எடுக்கும் ஒருவருடையவை. இன்னொருவருக்கு எண் மாறும். இலக்காக வைத்தது, சாப்பிடுமுன் 80 முதல் 130, சாப்பிட்டபின் 180க்குக் கீழே.

இரண்டு மணி நேரத்தை முதல் வாயிலிருந்து எண்ண வேண்டும், கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல. கொழுந்து பறிக்கும் விரலில் நுனி காய்த்து வெடித்திருக்கும்; கறையும் ஏறியிருக்கும். நுனியில் குத்தாமல் மோதிர விரலின் பக்கவாட்டில் குத்தினால் வலியும் குறைவு, இரத்தமும் நன்றாக வரும். அழுத்திப் பிதுக்கினால் இரத்தத்தோடு நீர் கலந்து அளவு பிசகும். சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த கையாக இருக்க வேண்டும். வாழைப்பழம் உரித்த கையோடு அளந்தால் பழத்தின் சீனியையும் சேர்த்தே மீட்டர் காட்டும்.

நுவரெலியாப் பக்கம் தை, மாசி விடியலில் இன்னொரு சிக்கல். 1,868 மீற்றர் உயரத்தில் உறைபனி விழும் ஊர் அது. பல மீட்டர்கள் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே வேலை செய்யாமல் பிழைக்குறி காட்டிவிடும். மீட்டர் பழுது என்று நினைத்து ஸ்ட்ரிப்பை ஒன்றன்பின் ஒன்றாக வீணாக்க வேண்டாம். மீட்டரையும் ஸ்ட்ரிப் போத்தலையும் கம்பளிக்குள் வைத்து அரை மணி நேரம் கழித்து அளக்கலாம். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சூடாக்கக் கூடாது. விறைத்த விரலை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு நிமிடம் வைத்துத் துடைத்தால் இரத்தம் தானாக வரும். மழைக்காலத்தில் ஸ்ட்ரிப் போத்தலின் மூடி திறந்தபடி கிடந்தால் ஈரம் ஏறி அத்தனையும் கெட்டுவிடும்.

145ஐயும் 155ஐயும் ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 15197 தரத்தின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பே 100க்கு மேலான அளவில் 15 வீதம் கூடக் குறைய இருக்க இடம் தருகிறது. 40, 50 என்று மாறுவதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் வாரம்: எதையும் மாற்றாமல்

பழைய ரொட்டி இரண்டு, கட்டைச் சம்பல், சீனி போட்ட தேத்தண்ணி. சாப்பிடுமுன் 138, இரண்டு மணி நேரத்தில் 262.

இந்த வாரத்தைத் தவிர்த்துவிட்டு நேராகப் புது ரொட்டிக்குப் போகிறவர்கள் உண்டு. ஒப்பிட எதுவும் இல்லாவிட்டால் புது ரொட்டி என்ன செய்தது என்று எப்படித் தெரியும்?

இரண்டாம் வாரம்: குரக்கன் (கேழ்வரகு)

"குரக்கன் ரொட்டி எத்தனை சாப்பிட்டாலும் பரவாயில்லை" என்ற நம்பிக்கை மலைநாடு முழுக்க இருக்கிறது. 250 கிராம் கோதுமை மா, 250 கிராம் குரக்கன் மா, மற்றதெல்லாம் பழையபடி. 141இலிருந்து 249. மீட்டரின் பிழைக்குள் அடங்கும் வித்தியாசம்தான். காரணம் எளிது. குரக்கன் மாவிலும் 100 கிராமுக்கு 67 கிராம் அளவில் மாச்சத்து உண்டு. கணக்குப் போட்டால் ஒரு ரொட்டிக்கு 62இலிருந்து 59க்குத்தான் இறங்கியிருக்கிறது. நார், கல்சியம் கூடுதல் என்பது உண்மை. அதற்காக மூன்று ரொட்டி சாப்பிட முடியாது.

மூன்றாம், நான்காம் வாரம்: கோவா (முட்டைக்கோஸ்) ரொட்டி

மா வகையை மாற்றுவதில் பயனில்லை, மாவின் அளவையே குறைக்க வேண்டும் என்று தெரிந்தபின் மூன்று முறை செய்து பார்த்த ரொட்டி இது. கோவாவைத் தேடிப் போகத் தேவையில்லை, இங்கேதான் விளைகிறது.

முதல் முறை கோவாவைப் பச்சையாக அரிந்து அப்படியே பிசைந்ததில், பத்து நிமிடத்தில் அது தண்ணீர் விட்டு மாவு கூழாகிவிட்டது. கூழைச் சமாளிக்க மேலும் மா போட வேண்டிவந்ததால் செய்த வேலைக்கே அர்த்தம் இல்லாமல் போனது. இரண்டாம் முறை முட்டை சேர்க்கவில்லை. மா குறைந்தால் பிடிப்பும் குறையும். திருப்பும்போது நாலாக உடைந்தது. மூன்றாம் முறை சரியாக வந்த அளவு இது:

கோதுமை மா 80 கிராம், தேங்காய்ப்பூ 120 கிராம், கோவா 200 கிராம், முட்டை 2, சின்ன வெங்காயம் 40 கிராம், பச்சை மிளகாய் 3, உப்பு ஒரு தேக்கரண்டி.

கோவாவை நூல் நூலாக அரிய வேண்டும், தண்டு வேண்டாம். உப்பு முழுவதையும் கோவாவில் போட்டுப் பிசறி 15 நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு வெள்ளைத் துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்தால் அரைக் கோப்பைக்குக் கிட்டத் தண்ணீர் இறங்கும். உப்பில் பெரும் பங்கும் அதோடு போய்விடும். பிழிந்த கோவாவை விரலால் அமுக்கினால் ஈரம் கசியக் கூடாது. அப்படிக் கசிந்தால் இன்னொரு முறுக்கு. இதற்குப் பிறகுதான் வெங்காயம், மிளகாய், தேங்காய்ப்பூ, மா, கடைசியில் முட்டை. ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்ற வேண்டாம். பிசைந்தது பழைய மாவைப் போல உருண்டு வராது, வடைக்கு அரைத்தது போல இருக்கும். பயந்து மா சேர்த்துவிடாதீர்கள்.

நான்காகப் பிரித்து, எண்ணெய் தடவிய வாழையிலைத் துண்டில் அரை விரற்கடை கனத்துக்குத் தட்டி, இலையோடு கல்லில் கவிழ்த்து, இலை வதங்கியதும் உரித்தெடுக்கலாம். தணல் சிறியதாக இருக்க வேண்டும். விறகடுப்பில் பெரிய சுவாலை போனால் வெளியே கருகி உள்ளே முட்டை பச்சையாக நிற்கும். ஒரு பக்கம் 6 நிமிடம். ஓரம் பொன்னிறமாகி, கல்லை ஆட்டினால் ரொட்டி தானாக நகர வேண்டும். நகரும் வரை திருப்பக் கூடாது.

மாவிலிருந்து 58, தேங்காயில் 7, கோவாவில் 7, வெங்காயத்தோடும் முட்டையோடும் 4. நாலு ரொட்டிக்கு 76, ஒன்றுக்கு 19. இரண்டு ரொட்டிக்கு 124 இருந்த இடத்தில் இப்போது 38.

இரண்டு கோவா ரொட்டி, போஞ்சி, நெத்தலி, சீனியில்லாத தேத்தண்ணி: 134இலிருந்து 171. முதல்முறையாக 180க்குள் நின்றது இந்தச் சாப்பாட்டில்தான். தேங்காயும் முட்டையும் செரிமானத்தை மெதுவாக்குவதால் ஏற்றம் பிந்தி வரலாம் என்று மூன்றாம் மணியிலும் அளந்ததில் 163. நீங்களும் ஒரு தடவையாவது மூன்றாம் மணியில் அளந்து பாருங்கள்.

தேங்காய் கூடுகிறது, அதனால் மூன்று மாதத்தில் கொழுப்பையும் பரிசோதிக்க வேண்டும். நெத்தலியை வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து அலசினால் உப்பு ஓரளவு இறங்கும். பிரஷர் உள்ளவர்கள் அதை அடிக்கடி சேர்ப்பது நல்லதல்ல, முட்டையோ பச்சை மீனோ போதும்.

தேத்தண்ணி

ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு ஆறு கோப்பை என்றால் 50 கிராமுக்குக் குறையாது. சீனிக்குப் பதில் கருப்பட்டியைக் கடித்துக் குடிப்பதும் சீனிதான். நாலு நாளைக்கு ஒருமுறை அரைக் கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிவிடும். சீனியில்லாமல் குடிக்க முடியாமல் போவதற்கு டஸ்ட் தூளை நெடுநேரம் கொதிக்க வைப்பதும் ஒரு காரணம். கொதித்த தண்ணீரைத் தூளில் ஊற்றி, மூடி வைத்து, இரண்டு நிமிடத்தில் வடித்துவிட்டால் அந்தக் கசப்பு ஏறாது. இஞ்சியோ ஏலமோ தட்டிப் போடலாம்.

இப்போது ஒரு நாள்

காலையில் கோவா ரொட்டி ஒன்று, முட்டை இரண்டு, கீரை: 24 கிராம். பகலுக்கு ரொட்டி இரண்டும் கறியும்: 45. பின்னேரம் கச்சான் ஒரு கைப்பிடி, 30 கிராம் நிறையில்: நார் போக 3. இரவில் தராசில் நிறுத்த 100 கிராம் சோறு (28), கெட்டிப் பருப்பு 100 கிராம் (12), மீன், வல்லாரைச் சம்பல்: எல்லாம் சேர்த்து 45. மொத்தம் 117.

சிவப்பரிசிச் சோறானாலும் இந்த 100 கிராமைத் தாண்டக் கூடாது. கால் றாத்தல் பாண் 55 கிராம் மாச்சத்து. உருளைக்கிழங்கு 100 கிராமில் 18, அவித்த மரவள்ளியில் அதைப்போல் இரண்டு மடங்கு. கிழங்கைக் கறியாக்கிச் சோற்றோடு சேர்ப்பதை விட்டாக வேண்டும். கரட், பீட்ரூட் 100 கிராமுக்கு 7 அளவில்தான், கறிக்குப் பயமில்லை.

விடியற்கால வெறுவயிற்று அளவு கடைசியாகத்தான் இறங்குகிறது. விடியலில் ஈரல் தானாகவே சீனியை விடுவதால் அப்படி. சாப்பாட்டுக்குப் பின்னான அளவு இறங்கியிருந்தால் பொறுத்திருக்கலாம். எச்.பி.ஏ.1சி (கடந்த மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) மூன்று மாதம் கழித்து. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தால் அது உண்மையைவிடக் கூடக் காட்டலாம். தோட்டத்துப் பெண்கள் இரத்தசோகைக்கும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

இன்னும் சரிவராதது ஒன்று. பகல் 12 மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது கோவா ரொட்டி வியர்த்து நொளுநொளுத்துப் போகிறது. சுட்டதும் பொலித்தீனில் சுற்றுவதுதான் காரணம். ஓலைப்பெட்டியில் விரித்து முழுதாக ஆறவிட்டு, பருத்தித் துணியில் சுற்றிக் கொண்டுபோனதில் பாதி சரியானது. அடுத்த முறை தேங்காய்ப்பூவில் 40 கிராமைக் குறைத்து, பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையைக் கல்லில் உலர வறுத்து அந்த இடத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.