மைனஸ் ஒன்று

லாக்-லாக் கிராஃபில் இரண்டு கோடுகள். மோதல் ஆற்றல் குறையக் குறைய ஒரு வினையின் குறுக்குவெட்டு (வினைக்கு அகப்படும் பரப்பு) எப்படி ஏறுகிறது என்று அவை காட்டும்; சாய்வுதான் ஆற்றலின் படி. அணுவின் மிகக் குறைந்த ஆற்றல் நிலையான அடிநிலைக்கானது ஒழுங்காக மைனஸ் அரைச் சாய்வில் போகிறது. அதற்கு மேலே உள்ள கிளர்நிலைக்கானது மைனஸ் ஒன்று. எங்கோ ஒரு வர்க்கமூலத்தை விழுங்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

நான் கணக்கிடுவது, பாசிட்ரோனியம் என்ற அணுவின்மேல் எதிர்ப்புரோட்டான் (புரோட்டானின் எதிர்ப்பொருள் இணை) மெதுவாக மோதினால் என்ன ஆகும் என்பதை. பாசிட்ரோனியத்துக்குக் கருவே கிடையாது. எலக்ட்ரானும் அதன் எதிர்ப்பொருள் இணையான பாசிட்ரானும் ஒன்றையொன்று சுற்றும், அவ்வளவுதான். நீண்ட ஆயுள் கொண்ட வகைகூட அடிநிலையில், வெற்றிடத்தில் சராசரியாக 142 நானோ விநாடிதான் தாங்கும். அதற்குள் எதிர்ப்புரோட்டான் பாசிட்ரானைப் பறித்துக்கொண்டால் எதிர்ஹைட்ரஜன், அதாவது எதிர்ப்பொருளாலான ஹைட்ரஜன், பிறக்கும். செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் ஏஜிஸ், ஜிபார் குழுக்கள் கையாளும் வினை இது. பிணைப்பாற்றல் 6.8 எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து (அணு அளவிலான ஆற்றலின் அலகு) 13.6 ஆவதால் வேகமே தேவையில்லை.

மூன்று வாரம் பிழை தேடினேன். அலகு மாற்றம், பகுதி அலைகள், எல்லாம் பார்த்தாயிற்று. கணக்கிடும் புள்ளி வலையின் ஆரத்தை இரட்டிப்பாக்கினேன், சாய்வு அசையவில்லை. அதே நிரல் அடிநிலைக்கு மட்டும் சரியாக விடை சொன்னது பெரிய எரிச்சல்.

துப்பும் அதிலேயே இருந்தது. அடிநிலை அணுவை எதிர்ப்புரோட்டானின் மின்னூட்டம்தான் இழுத்து உருக்குலைக்க வேண்டும். அந்த ஈர்ப்பு தூரத்தின் நான்காம் படியில் தேயும். குவாண்டம் கணக்கில் துகளும் ஓர் அலைதான்; வெகு மெதுவாக வரும் அலையில் பெரும்பகுதி உள்ளே நுழையாமலே திரும்பிவிடும். n=2-இல், அதாவது முதல் கிளர்நிலையில், 2s, 2p என்ற இரண்டு துணைநிலைகளுக்கும் ஒரே ஆற்றல். அவை கலந்தால் மின்னூட்டம் ஒருபக்கமாக ஒதுங்கிய அணு தயார், யாரும் இழுக்க வேண்டாம். ஈர்ப்பு இரண்டாம் படியில்தான் தேயும். அலை திரும்ப வழியில்லை. வினை நிகழும் வாய்ப்பு ஆற்றலைச் சாராமல் மாறாதிருக்கும். குறுக்குவெட்டில் மிஞ்சுவது அலைநீளத்தின் வர்க்கம், அதாவது ஆற்றலுக்குத் தலைகீழ் விகிதம். 1 எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்குக்கு இறங்கினால் அடிநிலைக்குச் சுமார் 32 மடங்கு ஏறும். இங்கே ஆயிரம் மடங்கு!

2015-இல் கர்ட்டின் பல்கலைக்கழகக் குழு இதைச் சொல்லிவிட்டது. கட்டுரை என் மேசையிலேயே கிடந்தது. எண்களுக்காக மட்டும் புரட்டியிருந்தேன்.

இன்னொன்று: 2s, 2p உண்மையில் மயிரிழை வேறுபடும், பத்தாயிரத்தில் ஒரு பங்கு எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவாக. மோதல் ஆற்றல் அந்த வேறுபாட்டை நெருங்கினால் இந்த விதி நிற்காது. என் நிரலுக்கு அது தெரியாது. அதனால் கிராஃபின் இடது ஓரத்தில் அழகாக ஏறிக்கொண்டிருந்த கடைசி நான்கு புள்ளிகளை நேற்று அழித்துவிட்டேன்.