செட்டிபாளையத்தில் மஞ்சள் கொடியோடு

கோவைக்கு ரேஸ் பார்க்கப் போகிறவர்கள் நேராகப் பந்தயக் களம் இருக்கும் செட்டிபாளையம் போய்விடுகிறார்கள். நான் முதலில் போனது ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறைக்கு. அங்கே வேலை பார்க்கும் நண்பர்தான் எனக்கு இந்த உலகத்தைக் காட்டியவர். சனிக்கிழமை தகுதிச் சுற்றில் இடித்து வளைந்துபோன சஸ்பென்ஷன் பாகம் ராத்திரி அவரிடம் வரும். அளவெடுத்து, புதிதாகக் கடைந்து, வெல்டு வைத்துக் கொடுத்தால் ஞாயிறு காலை பந்தயத்துக்குள் வண்டியில் ஏறிவிடும். பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர் இது. ஆலைகளைத் தொடர்ந்து மின் மோட்டார், பம்ப் செட், ஃபவுண்டரி, லேத் எல்லாம் வந்தன. வேறு ஊர்களில் ரேஸ் வண்டியின் உதிரி பாகத்துக்குக் காத்திருப்பார்கள். இங்கே பக்கத்துத் தெருவில் செய்துகொள்கிறார்கள். இந்த விளையாட்டு இந்த ஊரில் நிலைத்ததற்கு எனக்குத் தெரிந்த முதல் காரணம் அதுதான்.

இரண்டாவது காரணம் கரிவரதன். வெளிநாட்டு ரேஸ் வண்டியை இறக்குமதி செய்வது பெரும்பாலானவர்கள் நினைத்தே பார்க்க முடியாத 1980களில், மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை பந்தய வண்டியைக் கட்டியவர் அவர். ஃபார்முலா மாருதி என்று பெயர். காசு குறைவாக உள்ள இளைஞர்களும் ஓட்ட முடிந்தது. கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் முதலில் ஓட்டியது அந்த வண்டியைத்தான். 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரானார். கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். அவர் பெயரைத்தான் செட்டிபாளையம் களத்துக்கு வைத்திருக்கிறார்கள்: கரி மோட்டார் ஸ்பீட்வே, 2.1 கிலோமீட்டர். பெயர்ப் பலகைக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கும் பையன்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும்? பள்ளிப் பாடத்திலேயே வர வேண்டிய மனிதர் என்று நான் நினைக்கிறேன்.

போத்தனூரைத் தாண்டிச் செட்டிபாளையம் சாலையில் போகும்போதே எஞ்சின் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். களத்தின் ஓரம் நின்று ஓட்டுநர்களுக்குக் கொடி காட்டும் மார்ஷலாகப் பெயர் கொடுத்திருந்தேன். வண்டி வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், பணம் வேண்டாம். வெயிலில் நிற்க உடம்பும் கவனமும் போதும். முதலில் பயிற்சி வகுப்பு. அப்புறம் பந்தய நாளில் விடிகாலையில் கையெழுத்துப் போட்டு, ஆரஞ்சு நிறச் சட்டையை வாங்கிக்கொண்டு, இட்லியை முடித்துவிட்டு, சொன்ன வளைவுக்குப் போய் நிற்க வேண்டும்.

என் வளைவுக்குப் பொறுப்பாளர் சிங்காநல்லூர்க்காரர், பல வருடம் கொடி பிடித்தவர். "கேமராவை உள்ளே வச்சிருங்க தம்பி. வண்டிக்கு முதுகைக் காட்டறதா இருந்தா, உங்க பின்னாடி ஒருத்தர் பார்த்துட்டு இருக்கோணும். அது ரெண்டும்தானுங்க முக்கியம்" என்றார். அதற்காகத்தான் கொடிக்கு ஆட்கள் ஜோடியாக நிற்கிறார்கள். நீலக் கொடிக்காரர் வரும் வண்டிகளைப் பார்ப்பார்: பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழி விடு என்பது நீலம். மஞ்சள் கொடிக்காரர் எதிர்த்திசையில், தாண்டிப் போன வண்டிகளைப் பார்ப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் வருவதற்கு நீலக் கொடிக்காரரின் கண்தான் காவல். முன்பின் பழகாத ஒருவரை நம்பி அப்படி நிற்பது எனக்குப் புதிய அனுபவம்.

மதியப் பந்தயத்தில் இரண்டு வண்டிகள் உரசின. ஒன்று சுழன்று சரளைக்குள் இறங்கிச் செம்மண் புழுதிக்குள் மறைந்தது. யோசிக்க நேரமே இல்லை. மஞ்சளை விரித்து ஆட்ட ஆரம்பித்துவிட்டேன். ஆட்டினால் ஆபத்து பக்கத்திலேயே இருக்கிறது, வேகத்தைக் குறை, முந்தாதே என்று பொருள். பொறுப்பாளர் ரேடியோவில் வண்டி எண்ணையும் ஓட்டுநர் அசைகிறாரா என்பதையும் சொன்னார். பையன் தானாகவே ஸ்டியரிங்கைக் கழற்றிவிட்டு இறங்கி வந்து தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தான். வயது இருபதுக்குள் இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றியவன் கேட்ட முதல் கேள்வி, "அந்த அண்ணா வண்டிக்கு ஒண்ணும் ஆகலைங்களே?" மற்ற வண்டிகள் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் திரும்ப வந்தன. ஒவ்வொன்றும் என் கொடியைப் பார்த்து வேகம் குறைவதைக் காதாலேயே உணர முடிந்தது. கேலரியில் உட்கார்ந்து எத்தனை பந்தயம் பார்த்தாலும் அது கிடைக்காது.

மாலையில் ஸ்க்ரூட்டினி, அதாவது வண்டிகள் விதிப்படி இருக்கின்றனவா என்ற சோதனை, நடக்கும் கொட்டகைக்குப் போனேன். ஜெயித்த வண்டிகளை எடை போட்டு, சீல் சரியா என்று பார்க்கிறார்கள். வெளியே மெக்கானிக்குகள் எண்ணெய்க் கையோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்தவன் என்று யாரும் ஒதுக்கவில்லை; ஒருவர் கியர் விகிதத்தைத் தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டே விளக்கினார்.

ஓட்டவும் ஆசை உள்ளவர்களுக்கு அங்கே எல்லாரும் சொல்லும் வழி டிஎஸ்டி (டைம்-ஸ்பீட்-டிஸ்டன்ஸ்) ராலி. சொந்தக் காரே போதும். சாதாரணச் சாலையில், கொடுத்த சராசரி வேகத்தைத் துல்லியமாகக் காப்பாற்ற வேண்டும். சோதனைச் சாவடிக்குத் தாமதமாகப் போனாலும் அபராதம், சீக்கிரம் போனாலும் அபராதம். சாலைக் குறிப்பேட்டைப் படித்து நொடிக் கணக்கு சொல்ல பக்கத்து இருக்கையில் ஒரு நேவிகேட்டர் வேண்டும். ஓட்டுநரைவிட அவருக்குத்தான் வேலை அதிகம். வேகத்தில் ஜெயிக்கும் போட்டி இல்லை என்பதால் வீட்டில் சம்மதம் வாங்குவதும் சுலபம். லேத் நண்பரிடம் பழைய ஸ்விஃப்ட் ஒன்று இருக்கிறது. நேவிகேட்டர் இருக்கை எனக்குத்தான் என்று பேசி முடித்துவிட்டோம். இப்போது பேருந்தில் போகும்போதெல்லாம் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து சராசரி வேகம் போட்டுப் பழகுகிறேன்.