போக வர ஆன செலவு

மார்ச் 4, செவ்வாய்

தம்பி வீடு வந்து சேரும்போது இரவு பத்தரை. முந்தின நாள் ராத்திரி பஸ் ஏறினவன். காலையில் ஒரு கட்டண விடுதியில் குளித்து உடை மாற்றி, பத்து மணி இன்டர்வியூவுக்கு ஒன்பதுக்கே போய் உட்கார்ந்திருக்கிறான். உள்ளே கூப்பிட்டது மதியம் இரண்டு மணிக்கு.

"எவ்வளவு நேரம்டா பேசினாங்க?"

"பதினோரு நிமிஷம்க்கா. வெளியே வந்ததும் மணி பார்த்தேன்."

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. அவன் பையிலிருந்து நீள நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தான். பள்ளிக்கூடத்தில் பாதி எழுதி மிச்சம் வைத்த பழைய நோட்டு. பின்பக்கத்திலிருந்து திருப்பி எழுதுகிறான். ஸ்கேல் வைத்து நான்கு கட்டம் போட்டிருக்கிறான்: தேதி, கம்பெனி, எதற்குச் செலவு, எவ்வளவு. ஓரத்தில் இடம் இல்லாமல் ஐந்தாவதாக ஒன்று, 'பதில்' என்று. ஜெராக்ஸ், போட்டோ, சட்டைக்கு இஸ்திரி, பஸ், ஆன்லைன் தேர்வுக் கட்டணம், விடுதி, லீவு போட்ட நாளின் கூலி. மூன்று மாதத்தில் இரண்டரைப் பக்கம் வந்துவிட்டது. கூட்டிப் பார்த்தேன். இப்போது அவன் பார்க்கும் தற்காலிக வேலையில் ஒரு மாதம் முழுக்கச் சம்பாதிப்பதை விடக் கொஞ்சம் அதிகம். 'பதில்' கட்டத்தில் இரண்டு இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறது. மற்றதெல்லாம் வெறுமையாகக் கிடக்கிறது.

எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தையும் எழுதிவிடுகிறேன். நான் வேலை பார்ப்பதே ஆள் எடுக்கும் பிரிவில்தான். எங்கள் அலுவலகத்திலிருந்து போகும் அழைப்புக் கடிதத்தின் கடைசி வரி எனக்கு மனப்பாடம்: 'நேர்முகத் தேர்வுக்கு வந்து செல்வதற்கான செலவு எதுவும் வழங்கப்பட மாட்டாது.' ஆறு வருஷமாக அந்த வரியை அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

இரண்டு நாளாக இதைத்தான் தேடிப் படிக்கிறேன். ஜெர்மனியில் நிலைமை வேறு. ஒரு நிறுவனம் தானாக அழைத்து ஒருவர் நேர்முகத் தேர்வுக்குப் போனால், போக வர ஆன நியாயமான செலவை அந்த நிறுவனம் தர வேண்டும். வேலை கிடைத்ததா இல்லையா என்பது இதில் சேராது. இதற்காகத் தனிச் சட்டம் எதுவும் போடவில்லை. 1900 முதல் நடைமுறையில் இருக்கும் அவர்களுடைய உரிமையியல் சட்டத்தொகுப்பின் 670ஆவது பிரிவைத்தான் இதற்கும் பொருத்துகிறார்கள். ஒருவர் ஒப்படைத்த காரியத்துக்காக இன்னொருவர் கைக்காசு போட்டுத் தேவையான செலவு செய்தால், ஒப்படைத்தவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிற பொதுவான விதி அது.

படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. இன்டர்வியூவுக்குப் போவது பிச்சை கேட்கப் போவது இல்லை. அவர்கள் கூப்பிட்ட காரியத்துக்காகப் போவது என்று ஒரு சட்டமே பார்க்கிறது.

ஆனால் அடுத்த பத்தியில் ஒரு விலக்கு இருந்தது. செலவு தரமாட்டோம் என்று அழைக்கும்போதே தெளிவாகச் சொல்லிவிட்டால் தர வேண்டியதில்லை. அதாவது எங்கள் கடிதத்தின் கடைசி வரி. அங்கேகூட ஒருவருடைய உரிமையை எடுத்துப் போட அந்த ஒரு வரி போதும்.

மார்ச் 9, ஞாயிறு

மாமா வந்திருந்தார். தம்பி ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டபோது 'பரிசீலனைக் கட்டணம்' கேட்டார்கள், திருப்பித் தரப்படாது என்ற குறிப்போடு. கட்டுவதா வேண்டாமா என்று பேச்சு வந்தது.

"கட்டணம் இல்லைன்னா போறவன் வர்றவன் எல்லாம் விண்ணப்பம் போடுவான். உண்மையிலேயே வேலை வேணும்கிறவன் கட்டுவான்" என்றார் மாமா.

மாமா பொழுதுபோக்குக்குப் பேசுகிறவர் இல்லை. பலரும் நம்பும் காரணம்தான் அது. ஆனால் என் அனுபவம் வேறு. கட்டணம் அக்கறையை அளப்பதில்லை, பையை அளக்கிறது. வசதி உள்ளவன் பத்து இடத்தில் அக்கறையே இல்லாமல் கட்டிவிட்டுப் போவான். கையில் இல்லாதவன் ஒரு இடத்தில் கட்டவே மூன்று நாள் யோசிப்பான். வேலை மிக அவசரமாக யாருக்கு வேண்டுமோ அவரைத்தான் அது முதலில் வடிகட்டுகிறது. விண்ணப்பம் குவிகிறது என்பது நிறுவனத்தின் சிரமம். வேலைக்கு என்ன தகுதி வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதினாலே பாதி குறையும். இதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

மாமாவிடம் இன்னொன்றும் சொன்னேன். வேலை வாங்கித் தருகிறேன் என்று ஏமாற்றுகிறவர்கள் முதலில் கேட்பதே 'பதிவுக் கட்டணம்', 'டெபாசிட்' என்று ஒரு சின்னத் தொகைதான். உண்மையான நிறுவனங்களில் சிலவும் அதையே கேட்பதால், எது எது என்று பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகிறது. நேர்மையானவர் ஒருவர்கூடக் காசு கேட்காத உலகத்தில், காசு கேட்டாலே திருடன் என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, கட்ட வேண்டாம்னு சொல்லு" என்றார். தம்பி அதற்குள் கட்டிவிட்டிருந்தான்.

இரவு மறுபடி படித்தேன். இந்தச் சண்டை நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநில மக்கள் 1914இல் வாக்களித்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: வேலை தேடுகிறவரிடம் ஏஜென்சிகள் கட்டணம் வாங்கக் கூடாது. 1917இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைத் தள்ளிவிட்டது. மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி பிராண்டைஸ், ஏஜென்சிகளின் முறைகேடுகளைப் பக்கம் பக்கமாக எடுத்து வைத்தார். வேலையாட்களிடம் வாங்கிய கட்டணத்தை ஏஜென்டும் மேஸ்திரியும் பங்கு போட்டுக்கொண்டதும் அதில் வருகிறது. ஆளை நீக்கினால் இடம் காலி, இடம் காலியானால் புது ஆளிடம் புதுக் கட்டணம். காசு தொழிலாளி பக்கமிருந்து வரும்வரை, ஆளை நிலையாக வைத்திருப்பது அவர்களுக்கு நஷ்டம்.

இன்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆவது உடன்படிக்கை, தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்கள் தொழிலாளரிடம் நேராகவோ சுற்றி வளைத்தோ, முழுசாகவோ பாதியாகவோ எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது என்கிறது. அரசுகள் சில வகைகளுக்கு விலக்குத் தர இடமும் வைத்திருக்கிறது. எல்லா நாடும் இதில் கையெழுத்துப் போட்டுவிடவில்லை.

மார்ச் 13, வியாழன்

தம்பிக்கு ஓர் இடத்தில் 'மாதிரி வேலை' கொடுத்தார்கள். மூன்று ராத்திரி உட்கார்ந்து முடித்து அனுப்பினான். இதற்கும் கூலி இல்லை. அந்த வேலையை அவர்கள் அப்படியே எடுத்துப் பயன்படுத்திக்கொண்டால் அவனுக்குத் தெரியப் போவதும் இல்லை. ஒரு மணி நேரச் சோதனை என்றால் சரி, அதற்கு மேல் போனால் அது வேலை. வேலைக்குக் கூலி உண்டு. இன்று இதற்கு மேல் எழுதத் தெம்பு இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

தம்பியின் நண்பன் கப்பலில் இருக்கிறான், விடுமுறைக்கு வந்திருக்கிறான். அவன் சொன்னதுதான் எனக்கு இந்த விஷயத்தில் ஒரு தெளிவைக் கொடுத்தது.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று 2006இல் ஒன்று வந்தது, 2013 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் இருக்கிறது. மாலுமிக்கு வேலை பிடித்துத் தருவதற்காக அவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அதில் உண்டு. மாலுமி தன் கையிலிருந்து செலவழிக்கலாம் என்று விட்டிருப்பது பாஸ்போர்ட், தேசிய மாலுமிப் புத்தகம், சட்டப்படி தேவையான மருத்துவச் சான்று ஆகியவற்றுக்கு மட்டும். விசா செலவைக் கப்பல் முதலாளி ஏற்க வேண்டும் என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள்.

பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் நடுவே எதற்காகக் கோடு போட்டார்கள் என்று யோசித்தேன். பாஸ்போர்ட் அவனுடையது. இந்தக் கப்பல் இல்லாவிட்டால் அடுத்த கப்பலுக்கும் அதுவே போதும். விசா இந்த வேலைக்காக எடுப்பது, இது முடிந்ததும் அதுவும் முடிந்தது. அப்படியே தம்பியின் நோட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். பட்டச் சான்றிதழ், கற்றுக்கொண்ட கணினிப் பயிற்சி, தைத்த சட்டை இதெல்லாம் அவனோடு இருக்கப் போவது, அவன் செலவு. பஸ், விடுதி, அந்த நிறுவனம் வைத்த தேர்வு, அது கேட்ட மெடிக்கல் எல்லாம் அந்த நிறுவனத்துக்காக மட்டுமே செய்தது. அவனுக்கு அதனால் மிச்சம் ஏதும் இல்லை.

மருத்துவச் சான்றை மாலுமியின் தலையில் வைத்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. உடம்பு அவனுடையதுதான், ஆனால் அது எந்த வேலைக்குத் தகும் என்று தெரிய வேண்டியது வேலை கொடுப்பவருக்கு.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பின்னால் இதை இன்னும் விரிவாக எழுதியிருக்கிறது. 2018 நவம்பரில் அரசு, முதலாளி, தொழிலாளி மூன்று தரப்பு நிபுணர்களும் உட்கார்ந்து 'ஆட்சேர்ப்புக் கட்டணமும் அது சார்ந்த செலவுகளும்' எவை என்று வரையறுத்தார்கள். மருத்துவச் சோதனை, திறன் தேர்வு, பயணம், தங்கும் செலவு எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. நேர்முகத் தேர்வுக்குப் போகும் பயணம்கூடப் பெயர் சொல்லி இருக்கிறது. வேலை கொடுப்பவரோ ஏஜென்டோ தொடங்கி வைத்த செலவு என்றால் அது தொழிலாளியிடமிருந்து வரக் கூடாது. முதலாளிகளின் பிரதிநிதிகளும் உட்கார்ந்து ஒத்துக்கொண்ட பட்டியல் இது. இதை அச்செடுத்து என் பையில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

மேலாளரிடம் பேசிவிட்டேன்.

கடைசியாக எடுத்த இரண்டு இடத்துக்கு நாங்கள் கூப்பிட்டது இருபத்தாறு பேர். வருகைப் பதிவேட்டில் அவர்கள் எழுதிய ஊரைப் பார்த்துத் தோராயமாகப் பயணச் செலவு கணக்குப் போட்டு ஒரு தாளில் கொண்டுபோனேன். இருபத்தாறு பேரும் சேர்ந்து செலவழித்தது, நாங்கள் எடுத்த இருவரில் ஒருவருடைய இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சமம். நாங்கள் செலவழித்தது தாளும் மின்சாரமும்.

சார் தாளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நியாயம்தான்மா. ஆனா எல்லாருக்கும் கொடுத்தா நமக்குக் கட்டுப்படி ஆகுமா?"

"இருபத்தாறு பேரைக் கூப்பிட வேண்டியிருந்ததா சார்?"

நான் அதை வாதத்துக்காகக் கேட்கவில்லை. அந்த இருபத்தாறில் பத்துப் பேரையாவது பயோடேட்டாவைப் பார்த்தபோதே எடுக்கப் போவதில்லை என்று எங்களுக்குத் தெரியும். 'வரட்டும், பார்ப்போம்' என்று கூப்பிட்டோம். கூப்பிடுவது எங்களுக்கு இலவசமாக இருந்ததால் கூப்பிட்டோம். அதைத்தான் சொன்னேன். எத்தனை பேர் வர வேண்டும், எந்த ஊரில், எந்த நாளில், எத்தனை சுற்று என்று எல்லாவற்றையும் முடிவு செய்வது நாம். காசு மட்டும் அவர்களுடையது. முடிவு எடுக்கிறவர் கையிலிருந்து காசு போனால்தான் முடிவு அளவாக இருக்கும்.

"வண்டிச் செலவு கிடைக்குதுன்னு சும்மா வருவாங்களே?" என்றார்.

"நாம கூப்பிடாம யாரும் வர முடியாதே சார்."

அவர் சொன்னதில் எனக்குப் பதில் இல்லாத ஒன்றும் இருந்தது. நான்கு பேர் வேலை செய்யும் ஒரு சின்னப் பட்டறை இதை எப்படித் தாங்கும் என்று கேட்டார். பக்கத்தில் இருப்பவரை எடுக்கலாம், போனில் பேசி ஒருவரை மட்டும் வரச் சொல்லலாம் என்றேன். அதன் பிறகும் அவருக்குச் சமாதானம் ஆகவில்லை, எனக்கும் முழுசாக ஆகவில்லை. தூரத்தில் இருக்கும் பையனை அந்தப் பட்டறை கூப்பிடவே தயங்கும், அது அவனுக்குத்தான் இழப்பு.

கடைசியில் ஒத்துக்கொண்டார். அடுத்த ஒரு இடத்துக்கு மட்டும். முதல் சுற்று போனில். நேரில் ஆறு பேர், அவர்களுக்குப் போக வர செலவு. லீவு போடும் கூலியை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை வைக்கலாம் என்றேன், சரி என்றார்.

மார்ச் 25, செவ்வாய்

கடிதத்தின் கடைசி வரியை மாற்றினேன். ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது. 'வழங்கப்படும்' என்று எழுதினால் தானம் செய்வது போல இருந்தது. 'நேர்முகத் தேர்வுக்கு நீங்கள் வந்து செல்ல ஆகும் பஸ் அல்லது ரயில் கட்டணத்தை அன்றே அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். தேர்வு முடிவுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை' என்று முடித்தேன். இரண்டு பேர் போன் செய்து இது உண்மையா என்று கேட்டார்கள்.

ஏப்ரல் 5, சனி

ஆறு பேரில் ஐந்து பேர் வந்தார்கள். ஒவ்வொருவரையும் நாற்பது நிமிஷத்துக்குக் குறையாமல் பேச வைத்து அனுப்பினோம். ஆள் குறைவு என்பதால் யாருக்கும் அவசரம் இல்லை.

காசு கொடுப்பதில்தான் சிக்கல் வந்தது. கணக்குப் பிரிவு அண்ணன் வவுச்சரை வைத்துக்கொண்டு, "இதை எந்தத் தலைப்பில் எழுதறதும்மா?" என்று கேட்டார். ஊழியர் பயணம் என்றால் இவர்கள் ஊழியர் இல்லை. விளம்பரம் இல்லை, விருந்தினர் செலவு இல்லை. ஆள் எடுப்பதற்கு ஆகும் செலவுக்கு எங்கள் பேரேட்டில் ஒரு தலைப்பே இல்லை. இத்தனை வருஷம் அந்தச் செலவு இன்னொருவருடைய நோட்டில் இருந்திருக்கிறது. 'பல்வகை' என்று எழுதி வைத்தார். திங்கட்கிழமை புதுத் தலைப்பு திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஒரு பெண் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்தார். வியர்வையில் ஊறி எழுத்து அழிந்து, நான்காக மடித்த இடத்தில் கிழிந்திருந்தது. மேசைமேல் வைத்து இரண்டு விரலால் நீவி நீவி நேராக்கினார், தொகை தெரிய வேண்டுமே என்று. "பரவாயில்லைம்மா, ஊர் பேர் தெரிஞ்சா போதும்" என்றேன். இன்னொருவர் நண்பனின் பைக்கில் வந்ததால் டிக்கெட் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். அவரை உட்கார வைத்து, பஸ் கட்டணம் எவ்வளவோ அதைக் கொடுத்தோம்.

அந்தப் பெண் கையெழுத்துப் போடும் முன் கேட்டார்: "வேலை கிடைக்கலைன்னா இதைத் திருப்பிக் கட்டணுமாங்க?"

இல்லை என்றேன். மறுபடி ஒரு தரம் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

தம்பிக்கு நாளை மறுநாள் ஒரு இன்டர்வியூ. ஏழு மணி நேரப் பயணம். அழைப்பைப் பார்த்தேன், அதே கடைசி வரி. எங்கள் பழைய கடிதத்தில் இருந்த அதே சொற்கள்.

"கேட்டுப் பார்க்கலாமா அக்கா? கேட்டா தப்பா நினைப்பாங்களோ?"

நினைக்கலாம் என்றுதான் சொன்னேன். அவனிடம் பொய் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முதல் சுற்றை வீடியோவில் வைக்க முடியுமா என்று மட்டும் கேட்போம் என்றான். இருவரும் சேர்ந்து நான்கு வரி எழுதி இரவு ஒன்பது மணிக்கு அனுப்பினோம். நாளை இரவுக்குள் பதில் வராவிட்டால் பஸ் ஏற வேண்டும், அதனால் டிக்கெட் போட்டு வைத்திருக்கிறான். நோட்டில் தேதியும் கம்பெனி பெயரும் எழுதிவிட்டான், தொகையை இன்னும் எழுதவில்லை.